வாசகர் கேள்வி: கயிறு கட்டியும் விழுந்தது ஏன்?

பேராவூரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதம் இந்த இதழின் முதல் கேள்வியாக இடம்பெறுகிறது. அவருடைய கணவர் பதினைந்து ஆண்டுகளாகத் தேங்காய் பறிக்கும் தொழில் செய்தவர். காலில் தளைக்கயிறு மட்டும் மாட்டிக்கொண்டு ஏறிப் பழகியவர். பக்கத்து ஊரில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு, மனைவியின் வற்புறுத்தலால் இடுப்பில் ஒரு நைலான் கயிறும் கட்டத் தொடங்கினார். உச்சிக்குப் போனதும் கயிற்றின் மறுமுனையை ஒரு மட்டையில் கட்டிவிட்டுக் குலை வெட்டுவார். தை மாதத்தில் ஒரு நாள் கால் வழுக்கியது. மட்டை பிய்ந்தது. மட்டையோடும் கயிற்றோடும் வரப்பில் வந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார்.

"கயிறு கட்டச் சொன்னதே நான்தான் ஐயா. கட்டியும் விழுந்துவிட்டார். இப்போது குடும்பத்துக்காக என் கொழுந்தனார் அதே வேலைக்குப் போகிறார். அவரைக் கயிறு கட்டச் சொல்வதா, வேண்டாமா என்றே தெரியவில்லை" என்று கடிதம் முடிகிறது.

கட்டாயம் கட்டச் சொல்ல வேண்டும். வாசகி சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. கயிறும் அறுந்துபோகவில்லை. அது கட்டப்பட்டிருந்த இடம்தான் பிய்ந்து வந்தது. உயரத்தில் வேலை செய்பவரின் உயிர் கயிற்றின் பலத்தைவிடக் கயிறு கட்டியிருக்கும் இடத்தின் பலத்தில்தான் தொங்குகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும்.

மரம் ஏறுகிறவனை எவ்வளவு தூரம் தாங்க முடியும் என்று ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். கை எட்டும் வரை கீழே இருப்பவர் தாங்கலாம். அதற்கு மேலே ஏறுபவரைத் தாங்க வேண்டியது அவர் மரத்தில் போட்டிருக்கும் கட்டு மட்டுமே.

எத்தனை முறை ஏறுகிறார்கள்?

25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரங்கள் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஆறு வெட்டு. ஆக ஒரு ஏக்கருக்கு ஆண்டுக்கு 420 முறை யாரோ ஒருவர் மரம் ஏறி இறங்குகிறார். ஐந்து ஏக்கர் தோப்பு என்றால் 2,100 முறை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் இத்தனை ஏற்றத்தில் ஒருமுறை கால் வழுக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வழுக்கும் அந்த ஒருமுறைக்காகத்தான் காப்புக் கயிறு.

40 அடி உயரத்திலிருந்து விழுபவர் ஒன்றரை விநாடியில் தரையைத் தொட்டுவிடுவார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். ஓடும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சுவரில் மோதுவதற்குச் சமம். ஒன்றரை விநாடியில் எதையும் எட்டிப் பிடிக்க முடியாது. விழுந்த பிறகு செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஏறுமுன் செய்வதுதான் காப்பாற்றும்.

மட்டை ஏன் தாங்காது?

பச்சை மட்டை பார்ப்பதற்குத் தடியாக, பலமாகத் தெரியும். ஆள் பிடித்துத் தொங்கினால்கூடச் சில நேரம் தாங்கும். ஆனால் நிதானமாகத் தொங்குவதும், விழுந்து இழுப்பதும் ஒன்றல்ல. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மீட்டர் விழுந்து, ஒரு சாண் தூரத்துக்குள் கயிறு அவரை நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் கட்டுமிடத்தின் மேல் வரும் இழுவை 400 கிலோவைத் தாண்டும். எட்டு சிமென்ட் மூட்டைகளை ஒரே நேரத்தில் மட்டையில் தொங்கவிட்டது போல. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு விதி, ஆளைத் தாங்கும் கட்டுமிடம் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. ஒரு காரையே கட்டித் தொங்கவிடலாம் என்ற அளவுக்கு உறுதி கேட்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நெட்டைத் தென்னை ஆண்டுக்கு 12 முதல் 14 மட்டைகள் வரை விடுகிறது. ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் அடிமட்டைகளைக் கழிக்கிறது. காய் பறிப்பவரின் கைக்கு முதலில் எட்டுவது அடிவரிசை மட்டை. அதாவது அடுத்ததாகக் கழலப்போகும் மட்டை. பன்னாடை கிழிந்து, அடிப்பகுதி தண்டிலிருந்து விட ஆரம்பித்திருந்தாலும் கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆகவே மட்டை, பாளை, குலைக்காம்பு, குருத்து ஆகிய நான்கிலும் ஒருபோதும் காப்புக் கயிற்றைக் கட்டக் கூடாது. தென்னையிலும் பனையிலும் நம்பிக் கட்டக்கூடிய இடம் தண்டு ஒன்றுதான்.

தண்டையும் சோதிக்க வேண்டும்

தண்டில் கட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. அந்தத் தண்டு உள்ளே கெட்டியாக இருக்க வேண்டும். தென்னையின் பூச்சி, நோய் பற்றிப் படிக்கும்போது மகசூல் இழப்பை மட்டுமே நினைக்கிறோம். ஏறுபவருக்கு அதே பூச்சியும் நோயும் உயிர்ப் பிரச்சினை. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் அரை நிமிடம் நின்று கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

சிவப்புக் கூன்வண்டு: தண்டில் ஓட்டைகள், அவற்றிலிருந்து பழுப்பு நிறச் சாறு, மென்று துப்பியது போன்ற நார் ஆகியவை அடையாளம். காதை வைத்துக் கேட்டால் புழுக்கள் கடிக்கும் ஓசை கேட்கும். வெளியே பச்சையாக நிற்கும் மரத்தின் உள்ளே புழுக்கள் தின்று கூடாக்கியிருக்கும். இத்தகைய மரத்தின் கொண்டை ஆள் ஏறியதும் சாய்ந்துவிடக்கூடும்.

தஞ்சாவூர் வாடல் நோய் என்கிற அடித்தண்டு அழுகல்: தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு வடியும். அடிமட்டைகள் வாடித் தொங்கும். முற்றிய நிலையில் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கும். வேர் அழுகிய மரத்தை நம்பி ஏறக் கூடாது.

சாறு வடிதல்: தண்டில் வெடிப்பு, அதிலிருந்து செம்பழுப்புத் திரவம். வெடிப்புக்கு உள்ளே திசு அழுகியிருக்கும்.

பென்சில் முனைக் குறைபாடு: சத்துப் பற்றாக்குறையால் தண்டு மேலே போகப் போகச் சிறுத்துப் பென்சில் சீவியது போல ஆகிவிடும். ஆள் உட்காரும் இடமே மரத்தின் மெலிந்த இடமாக அமைந்துவிடுகிறது. இங்கே கட்டும் நிற்காது, மரமும் நிற்காது.

இடி விழுந்த மரம், குருத்தழுகலில் கொண்டை பட்ட மரம்: இவற்றில் ஏறவே கூடாது. வெட்டி அகற்ற வேண்டியிருந்தால் அடியிலிருந்து வெட்ட வேண்டும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதித் தோப்புகளில் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. தப்பிய மரங்களில் சில இன்றும் சாய்ந்தபடியே காய்க்கின்றன. சாய்ந்த மரத்தின் அடியில் ஒருபக்கம் மண் விலகி வேர் தூக்கியிருக்கிறதா, தண்டில் குறுக்கு வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த மரத்தில் ஏறுவதை நிறுத்திவிடலாம்.

எளிய சோதனை ஒன்று. அரிவாளின் பின்புறத்தால் தண்டைச் சுற்றி, கை எட்டும் உயரம் வரை தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டித் தண்டு 'ணங்' என்று ஒலிக்கும். உள்ளே கூடான தண்டு 'பொத்' என்று ஒலிக்கும். சந்தேகமான மரத்தில் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட்டுவிட்டால் அடுத்த வெட்டுக்கு வருபவருக்கும் தெரியும்.

ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அந்த வெட்டுக்காயத்தில்தான் மழைநீர் தேங்கும், கூன்வண்டு முட்டையிடும். இன்று ஏறுவதற்கு வெட்டிய படி, சில ஆண்டில் மரத்தையே ஏற முடியாததாக்கிவிடும்.

வளையம் வழுக்கும், சுருக்கு பிடிக்கும்

தண்டைச் சுற்றிக் கயிற்றை வளையமாகப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்வது பலர் செய்வது. சாய்ந்து நின்று வேலை செய்ய இது வசதி. ஆனால் கால் நழுவினால் ஆள் மரத்தோடு ஒட்டிவிடுவார். வளையம் தளர்ந்து, அவரோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே கீழே வரும். தென்னையில் கயிறு சிக்கி நிற்கக் கிளையோ கணுவோ கிடையாது. மழையில் நனைந்து பாசி பிடித்த தண்டில் வளையம் நிற்கவே நிற்காது.

எனவே கட்டு, இழுக்க இழுக்க இறுகும் சுருக்காக இருக்க வேண்டும். காது வைத்த பட்டைக்கயிற்றைத் தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு முனையை மறுமுனையின் காதுக்குள் நுழைத்து இழுத்தால் சுருக்கு கிடைக்கும். வெளியே வரும் முனையை, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கியால் நெஞ்சுப் பட்டையின் வளையத்தில் மாட்ட வேண்டும். ஆள் நழுவினால் அவருடைய எடையே சுருக்கை இறுக்கித் தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. சுருக்கு எப்போதும் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு அடி ஏறியதும் சுருக்கைத் தளர்த்தி மேலே தள்ளி, மீண்டும் இறுக்க வேண்டும். சுருக்கு காலடியில் இருந்தால், விழும் தூரம் இரு மடங்காகிவிடும்.

2. கொக்கிக்கும் தண்டுக்கும் நடுவே கயிறு அதிகம் தொங்கக் கூடாது. இரண்டு அடிக்கு மேல் தளர்வு வேண்டாம். தளர்வு குறையக் குறைய இழுவையும் குறையும்.

3. இரண்டு சுருக்குகள் வேண்டும். காய்ந்த மட்டையோ குலையோ குறுக்கே வந்தால், இரண்டாவது சுருக்கை அதற்கு மேலே போட்டு மாட்டிய பிறகே முதல் சுருக்கைக் கழற்ற வேண்டும். தரையை விட்டுக் கால் எழுந்ததிலிருந்து தரையில் கால் படும் வரை, ஏதாவது ஒன்று மாட்டியே இருக்க வேண்டும்.

4. உச்சியில் வேலை செய்யும்போது கொண்டைக்குக் கீழே கெட்டியான தண்டில் சுருக்கை இறுக்க வேண்டும். அரிவாள் வீசும் பக்கத்தில் கயிறு வரவே கூடாது. நல்ல கயிற்றையும் ஒரே வீச்சில் தீட்டிய அரிவாள் அறுத்துவிடும். முடிந்தால் இரண்டு சுருக்குகளையும் மாட்டிக்கொண்டு வெட்ட வேண்டும்.

5. புதிய கயிற்றையும் புதிய ஆளையும் முதலில் இரண்டடி உயரத்தில் சோதிக்க வேண்டும். சுருக்கை மாட்டிக்கொண்டு கால்களை எடுத்துவிட்டு முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்க வேண்டும். அங்கே வழுக்கும் கட்டு, 40 அடியிலும் வழுக்கும்.

இடுப்புப் பெல்ட் போதாது

வாசகியின் கணவர் கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தார். மட்டை பிய்யாமல் தாங்கியிருந்தாலும் ஆபத்து இருந்தது. விழுபவரை இடுப்பில் மட்டும் கயிறு பிடித்தால் உடல் இரண்டாக மடங்கும். முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் அடிபடும். தலைகீழாகக் கவிழ்ந்து பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு விழவும் கூடும்.

தோள், நெஞ்சு, இடுப்பு, இரு தொடைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்தான் வேண்டும். கடைகளில் 'ஃபுல் பாடி ஹார்னஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 3521. அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மரம் ஏறுபவருக்கு முதுகு வளையத்தோடு நெஞ்சிலும் வளையம் உள்ள வகை வசதி. பட்டைக்கயிறிலும் கொக்கியிலும் அவை தாங்கும் சுமை அச்சிடப்பட்டிருக்கும். '22 கே.என்.' என்று இருந்தால் ஏறக்குறைய 2,200 கிலோ தாங்கும் என்று பொருள். எதுவும் அச்சிடாத கொக்கியையும், மாடு கட்டும் கயிற்றையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஏறும் கருவி வேறு, காப்பு வேறு

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் உருவாக்கிய, நின்றபடி ஏறும் கருவி பல தோப்புகளில் பயன்பாட்டில் இருக்கிறது. உட்கார்ந்தபடி ஏறும் வகைகளும் கிடைக்கின்றன. உடம்பு வலியைக் குறைப்பதிலும், புதியவர்கள் தொழிலுக்கு வருவதிலும் இவை பெரிய உதவி. ஆனால் கருவியின் கம்பி வடம் ஏறுவதற்கானது. காப்புச் சுருக்கு விழாமல் தடுப்பதற்கானது. சுருக்கைக் கருவியில் மாட்டிவிட்டால், கருவி நழுவும்போது ஆளும் சேர்ந்தே நழுவுவார். சுருக்கு தண்டில்தான் இருக்க வேண்டும்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் மரம் ஏறும் பயிற்சி நடத்திவருகிறது. பயிற்சிக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்திலோ விசாரிக்கலாம். வாசகியின் கொழுந்தனார் தொழிலுக்குப் புதியவர் என்பதால், பழகிய முறையை மறக்க வேண்டிய சிரமம் அவருக்கு இல்லை. முதலிலேயே சரியாகக் கற்றுக்கொள்ளலாம்.

கயிற்றுக்கும் வயதுண்டு

நைலான் கயிறு வெயிலில் கிடந்தால் உள்ளுக்குள் நைந்துபோகும். முடிச்சுப் போட்ட இடத்தில் புதிய கயிற்றின் பலமே பாதிவரை குறையும். உரமூட்டை, பூச்சிமருந்து, பேட்டரி, டீசல் ஆகியவற்றின் பக்கத்தில் கயிறையும் பெல்ட்டையும் வைக்கக் கூடாது. எலி கடிக்காதபடி உயரத்தில், நிழலில் மாட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஏறுமுன் கயிற்றை முழு நீளத்துக்கும் உள்ளங்கையில் உருவிப் பார்த்தால் வெட்டு, கருகல், தடிப்பு தெரிந்துவிடும். ஒருமுறை ஆளைத் தாங்கிய கயிறும் பெல்ட்டும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும். அவை தங்கள் வேலையைச் செய்து முடித்துவிட்டன.

கீழே ஓர் ஆள், இரண்டாவது பெல்ட்

தனியாக மரம் ஏறக் கூடாது. கீழே இருப்பவர் மரத்திலிருந்து இருபது அடியாவது தள்ளி நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருக்கிறதா, கடந்தைக் கூடோ தேன்கூடோ இருக்கிறதா என்று ஏறுமுன் பார்ப்பதும் அவர் வேலை. பனி ஈரம் காயாத காலையிலும், மழை பெய்து முடிந்த உடனேயும், காற்றடிக்கும் நேரத்திலும் ஏறாமல் இருப்பது நல்லது. வலிப்பு, தலைசுற்றல் உள்ளவர்களும் மது அருந்தியவர்களும் ஏறவே கூடாது.

பெல்ட் தாங்கி, ஆள் மயக்கமாகத் தொங்கினால் ஆபத்து முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. அசையாமல் தொங்குபவரின் ரத்தம் கால்களில் தேங்கும். சில நிமிடங்களில் இறக்க வேண்டும். நினைவோடு தொங்குபவர் கால்களைத் தொடர்ந்து அசைத்துக்கொண்டும் தண்டில் ஊன்றிக்கொண்டும் இருக்க வேண்டும். இதனால்தான் ஒரு குழுவில் ஏறத் தெரிந்தவர் இருவரும், இரண்டு பெல்ட்டும் வேண்டும் என்று சொல்லப்படுகிறது. தீயணைப்பு மீட்புப் படையை 101இல் உடனே அழைக்கலாம்.

தரையில் விழுந்துவிட்டால் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கக் கூடாது. இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது மிகப் பெரிய தவறு. முறிந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அறுத்துவிடலாம். தலையும் கழுத்தும் ஆடாமல் இரு கைகளால் பிடித்துக்கொண்டு 108க்குச் சொல்ல வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் பலகையிலோ கதவிலோ, தலையிலிருந்து கால்வரை ஒரே நேராக நகர்த்திக் கிடத்திக் கொண்டுபோக வேண்டும்.

தோப்புக்காரர் கவனத்துக்கு

மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, ஏறுபவர் வேகத்தைக் கூட்டித்தான் வருமானத்தைக் கூட்ட முடியும். சுருக்கை மாற்றி மாற்றி மாட்டினால் ஒரு மரத்துக்குச் சில நிமிடம் கூடுதலாகும். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசாமல் 'பெல்ட் போட்டு ஏறு' என்று சொல்வதில் பயனில்லை. தோப்புக்கு ஒரு செட் என்றோ, நாலைந்து பேர் சேர்ந்தோ இரண்டு பெல்ட்டும் சுருக்குகளும் வாங்கி வைத்து, வருபவரிடம் கொடுக்கலாம். புதிதாக நடுபவர்கள் குட்டை ரகத்தையோ நெட்டை குட்டை கலப்பினத்தையோ தேர்ந்தெடுத்தால் பல ஆண்டுகளுக்குத் தரையில் நின்றே தொரட்டியால் பறிக்கலாம். தொரட்டிக்கு அலுமினியக் குழாய் வைத்திருப்பவர்கள் மின்கம்பி அருகே அதைத் தூக்கவே கூடாது.

காப்பீடு

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயதுவரை உள்ள வங்கிக் கணக்குதாரர்கள் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ, இரு கைகளோ இரு கால்களோ முற்றிலும் செயலிழந்தாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். காப்பு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. வாசகி தன் கணவரின் வங்கிப் புத்தகத்தை எடுத்து, விபத்துக்கு முந்தைய ஆண்டில் இந்த 20 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பிடித்தது தெரியாமலே பலர் இதில் உறுப்பினராக இருக்கிறார்கள். பிடிக்கப்பட்டிருந்தால் மருத்துவச் சான்றுகளோடு வங்கிக் கிளையை அணுகலாம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் விசாரிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

தென்னை ஏறுபவர்களுக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு இருக்கிறது. சந்தாவில் பெரும்பகுதியை வாரியமே செலுத்துகிறது. கொழுந்தனார் அடுத்த மரம் ஏறுமுன் இந்த இரண்டிலும் சேர்ந்துவிடுவது நல்லது. பனையேறும் தொழிலாளர்கள் பனைமரத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

மேலும் சில கேள்விகள்

*புளி உலுக்க ஏறும்போது கிளையில் கயிறு கட்டலாமா?*

கட்டலாம். ஆனால் நிற்கும் கிளையிலேயே கட்டக் கூடாது. நிற்கும் கிளை முறிந்தால் கட்டும் சேர்ந்தே போகும். தலைக்கு மேலே, தொடைப் பருமனாவது உள்ள பச்சைக் கிளையில், அது தாய்த்தண்டோடு சேரும் கவட்டையை ஒட்டிச் சுருக்குப் போட வேண்டும். நுனியை நோக்கிப் போகப் போகப் பலம் குறையும். பட்டை உரிந்த கிளை, காளான் முளைத்த கிளை, பொந்து விழுந்த கிளை கூடாது. முருங்கையும் நாவலும் சட்டென்று முறியும். அவற்றில் ஏறுவதையே தவிர்த்துத் தொரட்டி பயன்படுத்தலாம்.

*மாட்டுக்கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு மாற்ற வேண்டும். கயிற்றை எங்கே கட்டுவது?*

முதலில், அந்த ஓட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. வெயிலில் பழசான ஓடு ஆள் எடையைத் தாங்காது. அடியில் சட்டம் ஓடும் இடங்களை இணைத்து நீளமான பலகை போட்டு அதன் மேல்தான் நகர வேண்டும். கயிற்றை ஓட்டு ஆணியிலோ, தண்ணீர்க் குழாயிலோ, மெல்லிய குறுக்குச் சட்டத்திலோ கட்டக் கூடாது. தூணோடு இணைந்த முதன்மை உத்தரத்தில் கட்ட வேண்டும். அது இல்லாத கொட்டகையில், கூரைக்கு மறுபக்கம் உள்ள உறுதியான மரத்தின் அடியில் கட்டிக் கூரை முகட்டின் மேலாகக் கொண்டுவரலாம். கயிறு முகட்டில் உரசும் இடத்தில் மடித்த சாக்கு வைக்க வேண்டும். ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் சாய்த்து, மேல்முனையைக் கட்டிவிட வேண்டும்.

*கிணறு தூர்வார இறங்குபவரின் கயிற்றை டிராக்டரில் கட்டலாமா?*

கட்டலாம், டிராக்டர் அசையாது என்பது உறுதியானால் மட்டும். என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சாவியை எடுத்துக் கீழே இறங்குபவரிடமே கொடுத்துவிட வேண்டும். கிணற்றின் விளிம்பில் கயிறு கல்லில் உரசாமல் சாக்கோ டயரோ வைக்க வேண்டும். கிணற்றுக்குள் டீசல் என்ஜினை ஓட்டியபடி யாரும் இறங்கக் கூடாது. அதன் புகையில் உள்ள நச்சு வாயு ஆளை மயக்கிவிடும். மயங்கியவரைத் தூக்க, கயிறில்லாமல் இன்னொருவர் குதித்து இறங்குவது இரண்டாவது உயிரையும் பறிக்கும்.

பேராவூரணி வாசகிக்கு மீண்டும் ஒரு வார்த்தை. கணவரைப் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். உடற்பயிற்சி மருத்துவரிடம் காட்டுவதை நிறுத்த வேண்டாம். கொழுந்தனார் நாளை காலை தோப்புக்குப் புறப்படும்போது கயிறு எடுத்துக்கொண்டாரா என்று கேட்பதோடு, "எதில் கட்டப் போகிறீர்கள்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். தண்டில் என்று பதில் வர வேண்டும்.